இரு குவியல்களை ஒப்பிடுமாறு

மனிதன் பெறும் அறிவிற் பெரும்பகுதி ஒப்புநோக்கலாற் பிறப்பது. இவ்வயலின் விளைவு அவ்வயலின் விளைவினும் மிக்கதோ, இம்மருந்தை உண்டார் அம்மருந்தை உண்டாரினும் விரைந்து நலம் பெற்றனரோ, இவ்வகுப்பார் பெற்ற மதிப்பெண்கள் அவ்வகுப்பார் பெற்றவற்றினும் உயர்ந்தனவோ என்னும் வினாக்கள் நாடோறும் எழுகின்றன. இவற்றிற்கு விடை காணப் புகுவோர் பலரும் இருபுறத்துச் சராசரிகளையும் எடுத்து, இது பெரிது, அது சிறிது என்று கூறி அமைகின்றனர். ஆயின், ஒரே வயலை நடுவே வரம்பிட்டு இரு கூறாக்கி அறுப்பினும், இரு கூற்றின் விளைவும் படி பிசகாமல் ஒத்திருத்தல் இல்லை. ஆகலின், வேறுபாடு உண்டோ என்று வினவுதல் பயனில் வினாவாம். கண்ட வேறுபாடு பொருள்களின் இயல்பால் வந்ததோ, தற்செயலால் வந்ததோ என்று வினவுதலே அறிவுடையார் செயல்.

இவ்வினாவிற்கு விடை கூறப் புள்ளியியலார் கைக்கொண்ட வழிகளுள் ஒன்று மறுகூறெடுப்பு எனப்படுவது. கையிலுள்ள எண்களையே மீண்டும் மீண்டும் கலைத்தும், மீண்டும் மீண்டும் எடுத்தும், தற்செயல் எத்துணை வேறுபாட்டை விளைக்க வல்லது என்று கண்டறிதலே இதன் சாரம். இதற்கு உயர்ந்த கணிதம் வேண்டுவதில்லை. குடமும் ஓலை நறுக்குகளும் பொறுமையும் போதும். பொறுமையை இக்காலத்திற் கணினி தருகின்றது. இலக்கியம் பயிலும் நம்மனோர்க்கும் இது எளிதில் விளங்குவதொன்றாகலின், இதன் இயல்பையும், இதனைக் கையாள்வோர் பெரிதும் வழுவும் இடத்தையும் ஈண்டு ஒருவாறு காண்பாம்.

முதற்கண் ஒரு சொல்லை விளக்குதல் வேண்டும். எண்களின் குவியல் ஒன்றில் எவ்வெவ்வளவுடையன எத்துணை உள்ளன என்னும் அமைப்பிற்குப் பரவல் என்பது பெயர். சராசரி என்பது பரவலின் ஒரு குணமேயன்றிப் பரவல் முழுதும் ஆகாது. நாற்பது மாணவரும் 45க்கும் 55க்கும் இடைப்பட்ட மதிப்பெண் பெற்ற வகுப்பொன்றும், இருபதின்மர் 20 அளவிலும் இருபதின்மர் 80 அளவிலும் பெற்ற வகுப்பொன்றும் சராசரியால் ஒத்திருத்தல் கூடும். ஆயினும் இரண்டும் ஒரு தன்மையனவென்று எந்த ஆசிரியரும் கூறார்.

இனி, மெய்யாக நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியைக் காண்க. சார்லஸ் டார்வின் என்னும் இயற்கை நூலறிஞர், அயல் மகரந்தச் சேர்க்கையாற் பிறந்த செடிகள் தன் மகரந்தச் சேர்க்கையாற் பிறந்த செடிகளினும் வலியனவோ என்று பல்லாண்டு ஆராய்ந்து, தாம் கண்டவற்றை 1876இல் நூலாக வெளியிட்டார். அதன்கண் மக்காச்சோளம் பற்றிய சோதனை ஒன்றுண்டு. ஒவ்வோர் இணையிலும் அயற்சேர்க்கைச் செடி ஒன்றும் தற்சேர்க்கைச் செடி ஒன்றுமாக, 15 இணைகள் நான்கு தொட்டிகளில் வளர்க்கப்பட்டன. ஓர் இணையின் இரு செடிகளும் ஒரே தொட்டியில் ஒரே மண்ணையும் நீரையும் நுகர்ந்தன. வளர்ந்தபின் உயரம் அளக்கப்பட்டது. 13 இணைகளில் அயற்சேர்க்கைச் செடியே உயர்ந்து நின்றது; இரண்டில் தற்சேர்க்கைச் செடி உயர்ந்தது. வேறுபாடுகளை அங்குலத்தின் எட்டிலொரு பங்காற் கணக்கிட்டுக் கூட்டின், அயற்சேர்க்கையின் பக்கம் 314 மிகுகின்றது. அஃதாவது, இணை ஒன்றுக்குச் சராசரியாக 2.6 அங்குலம்.

டார்வின் இவ்வெண்களைத் தம் உறவினரும் அறிஞருமாகிய பிரான்சிஸ் கால்ட்டனிடம் காட்டிக் கருத்து வினவினார். கால்ட்டன் இருவகைச் செடிகளையும் தனித்தனியே உயர வரிசைப்படி நிறுத்தி ஒப்பிட்டார். அவ்வாறு நிறுத்தியபோது எந்தச் செடி எந்தச் செடிக்கு இணை என்பது மறைந்துபோயிற்று. ஒரே தொட்டியில் ஒரே நிலைமையில் வளர்த்ததன் பயன் அவ்விணையிலேயே அன்றோ அடங்கியிருந்தது? இதனைப் பிற்காலத்து எடுத்துக்காட்டியவர் ரொனால்டு பிஷர் என்பார். 1935இல் வெளிவந்த தம் நூலில், இதே 15 இணைகளைக் கொண்டு அவர் புதியதொரு வழியைக் காட்டினார்.

அவ்வழியாவது: சேர்க்கை வகையால் உயரம் சிறிதும் மாறுவதில்லை என்று ஒரு பொழுதைக்குக் கொள்வோம். எச்செடி எவ்விடத்து நடப்படுவதென்பதும் சீட்டெடுத்து முடிவு செய்யப்பட்டதெனக் கொள்வோம். அங்ஙனமாயின், ஓர் இணையில் உயர்ந்த செடி இந்த வகையினதாய் அமைந்தது வெறுந் தற்செயல். மற்றை வகையினதாய் அமைந்திருத்தலும் அதே அளவு கூடும். ஆகவே, ஒவ்வோர் இணையின் வேறுபாட்டிற்கும் கூட்டற்குறி, கழித்தற்குறி என்னும் இரண்டனுள் எதனையும் இடலாம். 15 இணைகட்கும் இவ்வாறு குறி மாற்றினால், எல்லாமாக 32,768 அமைப்புகள் தோன்றும். அவற்றுள் எத்தனை அமைப்புகளில் கூட்டுத்தொகை 314 அல்லது அதனினும் மிக்கதாகின்றது? பிஷர் எண்ணிக் கண்டது 863. மறுதலைப் பக்கத்தும் அத்துணையே ஆகலின், இருபுறமும் சேர்த்து 1,726. இது நூற்றுக்கு 5.267. வேறுபாடுகள் மணி வடிவப் பரவலிலிருந்து வந்தன என்று கொண்டு வாய்பாட்டால் நேரே கணக்கிட்டாலோ, நூற்றுக்கு 4.970 வருகின்றது. முற்றும் வேறான இரு வழிகள் இத்துணை அணுக்கமாகப் பொருந்தியது வியப்பே. ஒன்று பரவலின் வடிவத்தைப் பற்றிக் கற்பனை செய்துகொண்டது. மற்றொன்று எந்தக் கற்பனையும் செய்யாது கண்ட எண்களையே கலைத்துப் பார்த்தது.

இணைகளில்லாத இரு குவியல்களை ஒப்பிடவும் இம்முறையே பயன்படும். இரு குவியலின் எண்களையும் ஓலை நறுக்குகளில் எழுதி ஒரே குடத்திற் கொட்டிக் குலுக்குக. முன்னிருந்த தொகையளவில் இரண்டாகப் பங்கிடுக. புதிய இரு பங்குகட்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்க. மீண்டும் குடத்திற் கொட்டுக. குவியலொன்றுக்கு 15 எண்களாயினும், பங்கிடும் வகைகள் 15,51,17,520 ஆகும். அனைத்தையும் எண்ணுதல் அரிதாகலின், கணினியைக் கொண்டு சில ஆயிரம் முறை குலுக்கிப் பார்த்தலே இக்காலத்து வழக்கம். குலுக்கியவற்றுள் எத்தனை முறை மெய்யாகக் கண்ட வேறுபாட்டிற்கு நிகராகவோ மிகுதியாகவோ வந்தது என்பதே விடை. அங்ஙனம் எண்ணுங்கால், மெய்யாகக் கண்ட அமைப்பையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணுதல் முறை. ஏனெனின், அதுவும் நிகழக்கூடிய அமைப்புகளுள் ஒன்றேயாம்.

இம்முறையின் சிறப்பு யாதெனின், ஒப்பிடும் அளவுகோலை நாமே தெரிந்துகொள்ளலாம் என்பதாம். சராசரிக்குப் பதிலாக இடைநிலை எண்ணை எடுக்கலாம், விரிவை எடுக்கலாம். பரவல் முழுதையும் ஒப்பிட விரும்பின், உருசிய நாட்டுக் கணித அறிஞர் கால்மகொரோவ் 1933இலும் ஸ்மிர்னாவ் 1939இலும் வகுத்த அளவை உதவும். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும், அம்மதிப்பெண்ணோ அதற்குக் குறைவோ பெற்றவர் வகுப்பில் எத்தனை பங்கினர் என்று கணக்கிட்டுப் படிகள் போல ஏறிச்செல்லும் ஒரு கோடு வரைக. மற்றை வகுப்பிற்கும் அவ்வாறே வரைக. இரு கோடுகட்கும் இடையே எங்கு இடைவெளி மிகப் பெரிதோ, அவ்விடைவெளியே வேறுபாட்டின் அளவு. மேலே கூறிய இரு வகுப்புகளும் சராசரி என்னும் அளவுகோலின்முன் ஒன்றாய்த் தோன்றினும், இவ்வளவுகோலின்முன் வேறாய் நிற்கும். ஆயின் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது: குலுக்கிப் பங்கிடும் முறை சோதிப்பது, இரு குவியலும் எல்லா வகையாலும் ஒன்றே என்னும் கொள்கையை. அக்கொள்கை வீழ்ந்தால், எவ்வகையில் வேறு என்பதைத் தனியே ஆராய்ந்துதான் கூறவேண்டும்.

இது நிற்க. மறுகூறெடுப்பில் இரண்டாவது வகையும் ஒன்றுண்டு. அது விடுக்கும் வினா வேறு. 2.6 அங்குலம் என்று டார்வினின் 15 இணைகள் கூறுகின்றன. வேறு 15 இணைகளை வளர்த்திருந்தால் எத்துணை வந்திருக்கும்? மீண்டும் வளர்க்க இயலாத நிலையில், கையிலுள்ள கூற்றையே முழு உலகமெனப் பாவித்து, அதிலிருந்து மறுபடியும் கூறெடுக்கலாம் என்பது பிராட்லி எஃப்ரான் என்னும் அமெரிக்க அறிஞர் 1979இல் வெளியிட்ட கருத்து. 15 வேறுபாடுகளையும் 15 நறுக்குகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு மீளக் குடத்திலேயே இடுக. இவ்வாறு 15 முறை எடுக்க, ஒரு புதுக்கூறு கிடைக்கும். அதில் ஒரு நறுக்கு இருமுறை மும்முறை வருதலும் உண்டு. ஒரு முறையேனும் வாராது போதலும் உண்டு. ஒரு குறித்த நறுக்கு ஒரு புதுக்கூற்றில் வாராமற் போதற்கு நூற்றுக்கு 35 அளவில் இடமுண்டு. இங்ஙனம் பல்லாயிரம் புதுக்கூறுகள் எடுத்து, ஒவ்வொன்றன் சராசரியையும் குறித்தால், அச்சராசரிகள் ஒரு பரவலாகப் பரந்து நிற்கும். டார்வினின் எண்களுக்கு அப்பரவலின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 1.2 அங்குலம். 2.6 என்னும் எண்ணை எத்துணை நம்பலாம் என்பதை இது காட்டுகின்றது.

இம்முறைக்கு எஃப்ரான் இட்ட பெயர் பூட்ஸ்ட்ராப் என்பது. பூட்ஸ்ட்ராப் என்பது பூட்சின் பின்புறத்து வார். பிறர் துணையின்றித் தன் பூட்சு வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளுதல் என்னும் நகைச்சுவை வழக்கிலிருந்து இப்பெயர் வந்தது. இதற்கு முன்னோர் இல்லாமல் இல்லை. டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுவாலையிற் பணியாற்றிய கோசெட் என்பார், 'ஸ்டூடண்ட்', அஃதாவது 'மாணவன்' என்னும் புனைபெயரில் 1908இல் எழுதிய கட்டுரைக்காக, 3,000 குற்றவாளிகளின் உயரமும் இடக்கை நடுவிரல் நீளமும் குறித்த அட்டைகளைக் கலைத்து, நான்கு நான்காக 750 கூறுகள் ஆக்கி, தம் கணக்கைச் சரிபார்த்தார். குனூய் 1949இலும் டூக்கி 1958இலும் எண்களை ஒவ்வொன்றாய் விலக்கிப் பார்க்கும் முறையை வளர்த்தனர். நம் நாட்டிலும், 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ், வங்காளத்துச் சணல் விளைவை மதிப்பிடுங்கால், ஒரே நிலப்பரப்பில் தனித்தனிக் குழுவினரைக் கொண்டு தனித்தனிக் கூறுகள் எடுப்பித்து, அவற்றிடையே கண்ட வேறுபாட்டால் பிழையின் அளவை அறிந்தார். பூட்ஸ்ட்ராப் முறையின் முன்னோடிகளுள் ஒன்றாக இதனைக் கருதுவாரும் உளர்.

இனி, இக்கட்டுரையின் தலையாய கருத்திற்கு வருவாம். இரு குவியல்களை ஒப்பிட விரும்பும் ஒருவன் ஒவ்வொன்றிலிருந்தும் 10,000 புதுக்கூறுகள் எடுத்து, இருபுறத்தும் பதினாயிரம் சராசரிகளைப் பெறுகின்றான். பின்னர் அவ்விரு பெரும்பரவல்களையும் மெய்யான அளவைகள் போலக் கருதி, அவற்றின்மேல் ஒரு சோதனை நடத்துகின்றான். வேறுபாடு ஐயத்திற்கிடமின்றி உறுதியாயிற்று என்று சோதனை முழங்குகின்றது. இம்முடிவு வெறும் மாயை. எங்ஙனமெனின், சோதனைக்கு அவன் கூறியது தன்னிடம் பதினாயிரம் சான்றுகள் உள என்பது. மெய்யாக உள்ளனவோ பதினைந்தே. பத்தாயிரம் என்று கொண்டால், 1.2 அங்குலப் பிழை 0.012 அங்குலமாகச் சுருங்கித் தோன்றும். அப்பொழுது மயிரிழை போன்ற வேறுபாடும் மலையாகத் தோன்றும். அதுவும் போதாதெனில் இலக்கம் முறை எடுத்துப் பிழையை இன்னும் சுருக்கிக்கொள்ளலாம்! நம் விருப்பப்படி கூட்டத்தக்க ஒன்று எங்ஙனம் சான்றாகும்? ஒரு மரக்கால் நெல்லைப் பதினாயிரம் முறை அளந்தாலும் அது ஒரு மரக்கால் நெல்லே. அளக்குந்தோறும் கை தேறலாம், களஞ்சியம் நிறையாது.

அற்றேல், செய்யத்தக்கது யாது? ஒவ்வொரு முறையும் இரு குவியலிலிருந்தும் ஒவ்வொரு புதுக்கூறு எடுத்து, அவ்விரண்டின் சராசரி வேறுபாட்டை அப்பொழுதே கணக்கிட்டு, அவ்வேறுபாடுகளை ஒரே பரவலாக்குக. இணையுடைய எண்களாயின், இணை பிரியாமல் எடுக்க. அப்பரவலின் இரு ஓரத்தும் நூற்றுக்கு இரண்டரை வீதம் நீக்கி, எஞ்சிய நடுப்பகுதியைக் காண்க. அந்நடுப்பகுதி பூச்சியத்தைத் தன்னகத்துக் கொண்டிருந்தால், வேறுபாடு இல்லை என்னும் கொள்கையைத் தள்ளுதற்குப் போதிய சான்றில்லை, கொள்ளாதிருந்தால் சான்றுண்டு. இங்கே, புதுக்கூறுகளின் தொகையைக் கூட்டுவதால் பரவலின் உருவம் தெளிவாகுமேயன்றி அதன் அகலம் குறுகாது. அகலத்தைக் குறுக்க வல்லன புதிய செடிகளும் புதிய அளவைகளுமே.

மற்றொரு வழுவும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. இருபுறத்துக்கும் தனித்தனியே நடுப்பகுதி கண்டு, அவை ஒன்றன்மேலொன்று படிந்தால் வேறுபாடில்லை என்று முடிவு செய்வார் பலர். இருபுறத்தும் திட்டப்பிழை 1 எனக் கொள்க. ஒவ்வொரு நடுப்பகுதியும் சராசரிக்கு இருமருங்கும் 1.96 அளவு நீளும். ஆகலின், சராசரிகளின் இடைவெளி 3.92 ஆகும்வரை அவை படிந்தே நிற்கும். ஆயின், தனித்தனி எடுத்த இரண்டின் வேறுபாட்டிற்குரிய திட்டப்பிழை 2 ஆவதில்லை, 1.41 மட்டுமே. ஆகவே, இடைவெளி 2.77 ஐத் தாண்டினாலே வேறுபாடு உண்டெனக் கூற இடமுண்டு. இவ்விரண்டெண்களுக்கும் இடைப்பட்ட இடத்தில், படிதலை மட்டும் நோக்குவோர் உள்ள வேறுபாட்டைக் காணாது விடுவர்.

இம்முறைகள் இலக்கிய ஆராய்ச்சிக்கும் பயன்படும். 1939இல் உட்னி யூல் என்னும் பிரித்தானிய அறிஞர், வாக்கியங்களின் நீளப் பரவலைக் கொண்டு நூலாசிரியரை அறிய முயன்றார். கிறிஸ்துவைப் பின்பற்றுதல் பற்றிய புகழ்பெற்ற இலத்தீன் நூலை இயற்றியவர் தாமஸ் அ கெம்பிஸோ ஜெர்சனோ என்னும் வழக்கில், வாக்கிய நீளம் கெம்பிஸின் பக்கமே சாய்கின்றது என்று அவர் கண்டார். இன்று இத்தகைய ஒப்பீட்டை மறுகூறெடுப்பாற் செய்வோர், ஒன்றைக் கருதுதல் வேண்டும். அடுத்தடுத்த வாக்கியங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. நீண்ட விளக்கத்தினிடையே நீண்டனவும், உரையாடலினிடையே குறுகியனவும் தொடர்ந்து வரும். ஆகலின், வாக்கியங்களைத் தனித்தனி நறுக்குகளாக்கிக் குலுக்கினால் உள்ளதினும் மிகுதியான சான்று உள்ளதாகத் தோன்றும். பத்தி பத்தியாகவோ அதிகாரம் அதிகாரமாகவோ சேர்த்தே எடுத்தல் வேண்டும். காலத்தொடர்ச்சியுடைய எண்களுக்கு இவ்வாறு தொகுதியாய் எடுக்கும் முறையைக் குன்ஷ் என்பார் 1989இல் நிறுவினார். இணை பிரிக்கலாகாது என்னும் முற்கூறிய நெறியும் இதுவும் ஒன்றே: இயற்கை சேர்த்து வைத்ததைக் கணக்கு பிரித்தல் தகாது.

மறுகூறெடுப்புக்கும் எல்லை உண்டு. கண்டறியாத ஒன்றை அது காட்டாது. 15 செடிகளுள் மிக உயர்ந்ததினும் உயர்ந்த செடி எத்தனை புதுக்கூறு எடுத்தாலும் தோன்றாது. ஆகவே, மீப்பெரு அளவைப் பற்றிய வினாக்களுக்கு இதன் விடை நம்பத்தக்கதன்று. முதற்கூறே ஒருபாற் கோடியதாயின், அக்கோட்டம் மறுகூறுகள் அனைத்திலும் மாறாது நிற்கும்.

ஆதலின், எண்களைக் கொண்டு ஒரு முடிவைக் கூறுவோரிடம் நாம் வினவத்தக்கன மூன்று. மெய்யாக அளந்தவை எத்தனை? அவற்றுள் இணைந்தும் தொடர்ந்தும் நிற்பன பிரிக்கப்படாது காக்கப்பட்டனவோ? கேட்ட வினா, இவ்விரு குவியலும் ஒன்றோ என்பதா, வேறுபாடு எத்துணை என்பதா? மருந்தின் பயனையும் விதையின் தரத்தையும் பள்ளிகளின் நிலையையும் பற்றிய பேச்செல்லாம் எண்களால் நடைபெறும் இக்காலத்தில், இவ்வினாக்களை எழுப்புதல் கணிதம் பயில்வார்க்கு மட்டும் உரிய கடமையன்று. பதினாயிரம் என்னும் பேரெண்ணைக் கேட்டவுடன் தலைவணங்காது, அதனுள் இருக்கும் பதினைந்தைத் தேடிக் காண்பவனே எண்களின் மொழியை அறிந்தவனாவான்.